குப்பண்ணனுக்கு அடுத்த வீடு

ஜனவரி 10, வெள்ளி

மா பூத்துவிட்டது. மேற்கு வரிசையில் இலையே தெரியவில்லை. காலையில் அப்பா மருந்து அடித்தார். டிரம்மில் தண்ணீர் மொண்டு ஊற்றியது நான். கலக்குவதற்கு மட்டும் அம்மா இப்போது விடுவதில்லை. "நீ அக்கட்டால போ கண்ணு" என்று குச்சியைப் பிடுங்கிக்கொள்கிறாள். அப்பாவின் மருந்துச் சட்டையையும் அவளேதான் தனியாகத் துவைக்கிறாள்.

யோகா அக்காவுக்குக் கோவிந்தாபுரத்திலிருந்து வரன். உரமும் பூச்சிமருந்தும் விற்கிற கடை வைத்திருக்கிறார்களாம். மாப்பிள்ளை பெயர் பிரதீப். அடுத்த மாதம் பார்க்க வருகிறார்கள். அம்மா இப்போதே சொல்லிவிட்டாள். "அவிய வார அன்னைக்கு நீ உள்ளயே இரு. முன்னால வந்து நிக்காத."

நான் என்றைக்கு முன்னால் வந்து நின்றேன்?

ஜனவரி 13

எழுதினால்தான் மனது அடங்கும் போலிருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

எனக்கு வலிப்பு வரும். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை மாட்டுத்தொழுவத்தில் முதலில் வந்தது. பிறகு வீட்டிலேயே இன்னொரு முறை. பள்ளிக்கூடத்தில் வந்ததே இல்லை. ஆனால் அங்கே வந்துவிடும் என்று அம்மா பயந்தாள். வந்தால் ஊர் முழுக்கத் தெரியும், தெரிந்தால் யோகாவையும் யாரும் கட்டமாட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். கேட்டவர்களிடம் "ரத்தம் பத்தல, கெறக்கம் வருது" என்று சொன்னாள். பொள்ளாச்சி டாக்டர் கொடுத்த மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வாங்கவில்லை. மருந்துக்கடைக்காரன் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம், வாங்கினால் அவன் வழியாகத் தெரிந்துவிடும் என்றுதான் வாங்கவில்லை என்று பிறகுதான் புரிந்தது.

பொள்ளாச்சி டாக்டரை விட்டால் வீட்டில் நாலு பேருக்குத் தெரியும். ஐந்தாவதாக ஒருத்திக்கும் தெரியும். அதுதான் என் பயம்.

ஜனவரி 14

பொங்கல். அக்கா சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வந்தார்கள். நான் சமையல்கட்டிலேயே இருந்தேன். அக்கா காப்பி கொண்டுபோனாள். பிடித்துவிட்டது என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது என்றாள். எல்லாம் கூடிவந்தால் வைகாசியில் கல்யாணம்.

அதற்குப் பிறகு பிரதீப் அப்பாவிடம் பேசியது சுவர் வழியாகக் கேட்டது. "ஏனுங்க மாமா, போன வருசம் பாலக்காட்டுல இருந்து ஒரு டாக்டரம்மா வந்து ரத்தமெல்லாம் எடுத்துட்டுப் போனாங்களே, உங்க ஊட்டுலயும் குடுத்தீங்களா?"

"குடுத்தமுங்க. நாலு பேருமே."

"அந்தக் கணக்கு பூராத்தையும் கம்ப்யூட்டர்ல எல்லாரும் பாக்கற மாதிரி போடப்போறாங்களாமுங்க. கவர்மெண்டு காசுல எடுத்ததுங்கறதுனால போட்டே ஆகோணுமாம். எங்க கடைக்காரங்க அத்தன பேரும் அதுக்குத்தான் காத்துட்டு இருக்கறம். மருந்துனால சீக்கு வருதுன்னு சொல்றாங்கல்ல, ஆருக்கு என்ன சீக்குன்னு நாங்களும் பாக்கறமே!"

சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் என் கையில் இருந்த டம்ளர் கழுவும் பாத்திரத்துக்குள் நழுவி விழுந்தது.

பிப்ரவரி 3

சோறு இறங்கவில்லை. கிறக்கம் என்று சொல்லிவிட்டேன். இந்த முறை உண்மையாகவே.

பிப்ரவரி 9

அந்த ஐந்தாவது ஆள் ராஜஸ்ரீ டாக்டர். கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். மாந்தோப்பு மருந்து உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார். போன வருடம் பூ நேரத்தில் குளக்கரையிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாக வந்தார். என்னைத் தொட்டிப் பக்கம் தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். அதற்கு முன்பே அம்மா காதில் சொல்லியிருந்தாள், "வலிப்பு வருமான்னு கேட்டா இல்லைன்னு சொல்லிப்போடு."

கேட்டார். நான் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "மருந்து கலக்கற நாளில் அதிகமா வரதோ?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். என் முகத்திலேயே தெரிந்துவிட்டதோ என்னமோ. நான் அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் அதைச் சொல்லும்படி ஆனதில்லை.

மருந்தினால்தான் வருகிறது என்று அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். மருந்து என்றால் அது வெளியே இருக்கிற ஒன்று. டிரம்மில் இருக்கிற ஒன்று. தள்ளி நின்றால் போய்விடும்.

அவர் அப்படிச் சொல்லவில்லை. "இப்போ தெரியாதும்மா" என்றார். "பேர் எங்கேயும் வராது கேட்டியா, நீ பயப்படவே வேண்டாம்" என்றார்.

பேர் வராது. சரி. ஆனால் பிரதீப் பார்ப்பாரே?

பிப்ரவரி 16

அங்கன்வாடி டீச்சர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு கூட்டம். விவரங்களை வெளியே போடுவதற்கு எல்லாரிடமும் மறுபடி சம்மதபத்திரம் வாங்க வேண்டுமாம். பதினெட்டு ஆகாதவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும்.

அம்மா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே இருந்தாள். தழை போதும் போதும் என்று நான் சொன்ன பிறகும் ஒடித்தாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அங்கன்வாடி நிறைந்துவிட்டது. நான் வழக்கம்போலக் கடைசியில், கதவோரச் சுவரில் சாய்ந்து நின்றேன். அங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அம்மா எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அப்பா ஆண்கள் பக்கம். கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வாசற்படியில் நின்றார்கள். அதில் பிரதீப்பும் இருந்தார்.

ராஜஸ்ரீ டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "இது சர்க்கார் பணத்தில் நடக்கற ஆராய்ச்சி. அது ஜனங்களோட பணம். அதனால கிடைச்ச விவரத்தை நாங்க பூட்டி வெச்சுக்கப்படாது, மத்த ஆராய்ச்சிக்காராளும் எடுத்துப் பார்க்கணும்னு நிபந்தனை. பேர், வீட்டு நம்பர், போன் நம்பர் எல்லாம் எடுத்தாச்சு. யாராலயும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. நீங்களே பாருங்கோளேன்" என்று ஜன்னலைச் சாத்தச் சொல்லிச் சுவரில் அந்தப் பட்டியலைப் படமாகக் காட்டினார். தலைப்பெல்லாம் தமிழில் போட்டிருந்தார். வயது. ஆணா பெண்ணா. படிப்பு. கிணறு. தோட்டத்தில் என்ன வேலை. பீடி, கள். கடைசியில் நோய்கள்.

முதல் வரியை வாசித்தார். ஆண், அறுபத்து மூன்று, கிணறு இரண்டு, பீடி உண்டு, கள் உண்டு, தூக்கமின்மை உண்டு.

ஒரு நொடி கூட ஆகவில்லை. "அட, நம்ம குப்பண்ணன்!" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. "ரெண்டு கெணறும் தூங்காத கண்ணும் வேற ஆருக்கு இருக்குது?"

குப்பண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "ஏனுங்க டாக்டரம்மா, கள்ளு எப்பவாச்சுந்தானுங்க குடிக்கறேன். உண்டுன்னு போட்டா என்னுங்க அர்த்தம்?"

"எப்பவாச்சும்னா எப்பன்னு நாஞ் சொல்லட்டுமா?" என்று பெண்கள் பக்கமிருந்து அவர் மனைவி. அங்கன்வாடி டீச்சர்கூடச் சிரித்தார். ராஜஸ்ரீ டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

எங்கள் ஊரில் யார் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? இரட்டைக் கிணற்றுக்காரர், குளக்கரை வீட்டுக்காரி, யோகா அம்மா, அப்புசாமி சம்சாரம். பேரை எடுத்தால் எங்களிடம் என்ன குறைந்துவிடும்?

அப்போது ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். "குப்பண்ணனுக்கு அடுத்த ஊடு ஆருது? அடுத்த வரியப் பாருங்கடா!"

வீடு வீடாக வந்தார்கள். அதே வரிசையில்தான் எழுதியிருக்கிறார்கள். குப்பண்ணன் தோட்டத்துக்கு அடுத்தது எங்கள் வீடு.

ஆண், நாற்பத்தொன்பது, மருந்து அடிப்பவர். "அப்புசாமி மாமோவ்!" என்று கத்தினார்கள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மட்டும் சுவரைப் பார்த்தேன். என் வரி எங்கே என்று தேடினேன். என் வரி கீழே மறைந்திருந்தது. அப்பாவின் வரிக்கு அடுத்து ஒரு வரி இருந்தது.

பெண். நாற்பத்தொன்று. படிப்பு ஐந்து. மருந்துத் துணி துவைப்பவர். வலிப்பு: உண்டு.

முதுகில் ஏதோ குத்திக்கொண்டிருந்தது. சுவிட்ச் பெட்டி. அதன் மெயினை நான்தான் கீழே இழுத்தேன். நினைத்துச் செய்யவில்லை. கை செய்தது.

இருட்டிவிட்டது. மின்விசிறி நின்றது. "கரண்ட் போச்சு!" "ஞாயித்துக்கெழமையும் உடமாட்டானுங்களா?" என்று இரைச்சல். ஜன்னலைத் திறப்பதற்குள் ராஜஸ்ரீ டாக்டர் கம்ப்யூட்டரை மூடிவிட்டார். இன்றைக்கு இது போதும், கையெழுத்தும் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வெளிச்சம் வந்தபோது அம்மா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை இன்னும் பெட்டியின் மேலேயே இருந்தது.

பிப்ரவரி 24

"நீதான அமத்துன?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"கண்ணு கூசுச்சு."

அவ்வளவுதான். அம்மா சாணியைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அப்ப உனக்கும் இருக்குதா? எப்பருந்து? அப்பாவுக்குத் தெரியுமா? என்னை இல்லைன்னு சொல்லச் சொல்லிப்போட்டு நீ மட்டும் எதுக்கு உள்ளதைச் சொன்ன? எம் பள்ளிக்கூடத்தை நிறுத்தினியே — கேட்க முடியவில்லை. ஒன்றும் கேட்க முடியவில்லை. வாயே இல்லாமல் பிறந்திருக்கலாம்.

பிப்ரவரி 26

மருந்தாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது அது டிரம்மில் இல்லை. ரத்தத்தில் இருக்கிறது. அப்படியென்றால் அக்காவுக்கும்? அவளுக்கு நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் என்று கேட்பார்களே. எனக்கு மட்டும் என்றால் ஒருத்தியோடு போகும். அம்மாவுக்கும் என்றால் வம்சம் என்பார்கள்.

பிப்ரவரி 27

அம்மா ஐந்தாவது வரைதான் படித்தாள். கணக்கு நன்றாக வரும் என்பாள். மாங்காய் எடைபோடுகிறவன் சொல்வதற்குள் அவள் வாயில் தொகை வந்துவிடும். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டால், "அந்தக் காலத்துல பொம்பளப் புள்ளைய அவ்வளவுதான்" என்பாள். ஆனால் அவளுக்கு அடுத்துப் பிறந்த சித்தி பன்னிரண்டு வரை படித்திருக்கிறாள்.

இதை இத்தனை நாள் நான் யோசித்ததே இல்லை.

மார்ச் 4

ராஜஸ்ரீ டாக்டர் அங்கன்வாடிக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் போனேன். தனியாக. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினேன். அவரே பார்த்துவிட்டு, "வா, உள்ளே வா" என்றார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனதில் பாதி மறந்துவிட்டது. "பேரை எடுத்தாப் பத்தாதுங்க" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

"தெரிஞ்சுது. அன்னிக்கே தெரிஞ்சுது" என்றார். "ரெண்டு நாள் எனக்குத் தூக்கமே வரலை. கணக்கை மட்டும் பார்த்தேன், ஊரைப் பார்க்கலை. சுவரில் போட்டுக் காட்டினது பெரிய தப்பு." மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "கரண்ட் போனது நல்லதாப் போச்சு" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

வரிசையைக் கலைத்துவிடுவாராம். வயதைப் பத்துப் பத்தாகக் கூட்டிப் போடுவாராம். படிப்பும் கிணறும் ஊரும் வராது. நோய் விவரங்களை எல்லாருக்கும் திறந்து வைக்காமல், எதற்கு என்று எழுதிக் கேட்கிற ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்று பணம் கொடுத்தவர்களிடம் கேட்டிருக்கிறாராம். சம்மதிப்பார்களா என்று தெரியாது.

"அப்ப எதுக்குங்க குடுக்கோணும்? நீங்களே வெச்சுக்கக் கூடாதுங்களா?"

"ஒரு ஊரை வெச்சுண்டு என்ன சொல்ல முடியும்? வலிப்பு இருக்கறவா ரொம்பக் கம்மி. மருந்தாலயா, பரம்பரையா, ரெண்டுமா, ரெண்டும் இல்லையான்னு இந்தக் கொஞ்சம் பேரை வெச்சுச் சொல்ல முடியாது. வேற ஊர்க் கணக்கோட யாராவது சேர்த்துப் பார்த்தாத்தான் உண்டு. வேண்டாம்னா உன்னை எடுத்துடறேன். அது உன்னோட உரிமை. காரணம் சொல்ல வேண்டாம்."

பரம்பரை என்ற வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார். அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

மார்ச் 12

அக்காவின் போனுக்குப் பிரதீப் பேசினார். பேசிவிட்டு வந்து அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏன்டி செல்வி, அன்னைக்குக் கூட்டத்துல கரண்ட் போனப்ப எதுத்தாப்புல டீக்கடைல ஃபேன் ஓடிட்டே இருந்துச்சாமா? உன்ற தங்கச்சி கதவோரத்துல நின்னுட்டு இருந்தாளேன்னு கேக்கறாரு."

நான் எழப் பார்த்தேன். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ எதுக்கு அமத்துனேன்னு எனக்குத் தெரியும். உன்ற வரி வந்துருமுன்னு பயந்துட்ட."

ஆமாம் என்று தலையாட்டினேன். அம்மா கொட்டகையில் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

மார்ச் 19

வந்துவிட்டது. பைப்படியில். நாக்கைக் கடித்திருக்கிறேன். முழித்தபோது தலை அம்மா மடியில். அவள் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு சரியாகப் பிடித்துக்கொள்கிறாள். பதறவே இல்லை.

யார் அவளை அப்படிப் பிடித்துக்கொண்டார்கள்? யாராவது பிடித்துக்கொண்டார்களா?

ஏப்ரல் 6, ஞாயிறு

ராஜஸ்ரீ டாக்டர் இந்த முறை கூட்டம் போடவில்லை. வீடு வீடாக வந்தார். அதுவும் மாறி மாறி, ஒரு தெருவில் ஒன்று, இன்னொரு தெருவில் ஒன்று. கேட்டது கிடைத்துவிட்டதாம். நோய் விவரம் பூட்டித்தான் இருக்கும், கடைக்காரர்கள் திறக்க முடியாது. புதிதாகத் தயாரித்ததைக் காகிதத்தில் காட்டினார். எங்கள் வீட்டை அதில் தேடினேன். குப்பண்ணனையே காணவில்லை.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். நான் இருக்கட்டும் என்றேன். அப்பா எனக்காகக் கையெழுத்துப் போட்டார். "என்னமோ, இனியொருத்தருக்காவது ஆகட்டுமுங்க" என்றார். பிறகு அம்மா டாக்டரோடு தொட்டிப் பக்கம் போனாள். ரொம்ப நேரம் ஆயிற்று. அம்மா பேசுவது தெரிந்தது, என்ன பேசினாள் என்று கேட்கவில்லை.

டாக்டர் போன பிறகு கேட்டேன். "நீ என்னம்மா சொன்ன?"

"இருக்கட்டும்னுட்டேன்." தலைமுடியை அள்ளி முடிந்தாள். "எடுத்துப்போட்டா மட்டும் இல்லைன்னு ஆயிருமா?"

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

ஏப்ரல் 9

அக்கா பிரதீப்பிடம் சொல்லிவிட்டாள். என்னைப் பற்றி மட்டும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "அவராக் கண்டுபிடிக்கறதுக்கு முன்னால நானே சொல்லிப்போடறேன்" என்று அப்பாவிடம்கூடக் கேட்கவில்லை. அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

ஏப்ரல் 15

விஷு முடிந்தது. பதில் இல்லை.

மே 18

அவர்கள் வீட்டுப் பெரியவர் வந்து, "ஆடி கழியட்டுமுங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வைகாசி இப்போதுதான் பிறந்திருக்கிறது. அதற்குள் ஆடியைச் சொல்கிறார். அப்பா தெருமுனை வரை போய் வழியனுப்பினார். மிச்சமிருந்த கடைசி மாங்காயில் ஒரு பெட்டி கட்டிக் கொடுத்தார்.

அக்கா அழவில்லை. பிரதீப் அவளோடு இன்னும் போனில் பேசுகிறார். வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்கிறாராம். நம்பலாமா என்று அவளுக்கும் தெரியவில்லை.

என்னால்தான் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அம்மாவும் இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பாள், அவளால்தான் என்று.

ஜூன் 22

மழை. அக்கா வாசலில் உட்கார்ந்து போனில் சண்டை போடுகிறாள். சண்டை போடுகிறாள் என்றால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

ஜூலை 8, செவ்வாய்

அம்மாதான் முந்தாநாள் சொன்னாள், "செவ்வாக்கெழம பாலக்காடு போலாம், வலிப்புக்குப் பாக்கற டாக்டர் அன்னைக்குத்தான் வருவாராம்." யாரிடம் விசாரித்தாள் என்று சொல்லவில்லை. முதல் பஸ்ஸில் குப்பண்ணன் மனைவி இருந்தார். "எங்க புள்ளையோட?" என்று கேட்டார். அம்மா, "ஆஸ்பத்திரிக்கு" என்றாள். ரத்தம் பத்தவில்லை என்று சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை.

ஜில்லா ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு எடுக்க நீண்ட வரிசை. எங்கள் முறை வந்ததும் அம்மா என்னை முன்னால் தள்ளினாள். ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமல் மலையாளத்தில் பேர் கேட்டார். செல்வப்பிரியா, பதினேழு என்றேன். எழுதி நீட்டினார்.

நான் நகரவில்லை. எனக்கு எப்படி அந்தத் தைரியம் வந்ததென்று தெரியவில்லை. "இன்னொரு சீட்டு வேணுமுங்க" என்றேன்.

"ஆர்க்கா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா கையில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். போய்விடலாம் என்று சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள். அம்மா தன் பேரைத் தானே சொல்லி நான் கேட்டதில்லை.

"நாச்சம்மாள்" என்றாள். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.